சட்டியின் முதுகில் எழுதியிருப்பது

அமெரிக்காவின் ஒஹாயோ, பென்சில்வேனியா மாநிலங்களில் பழம்பொருள் கடைக்குள் நுழைந்தால் ஏதாவதொரு மூலையில் கருத்துக் கனத்த சட்டிகள் அடுக்கிக் கிடக்கும். தட்டையான அடி, உயரம் குறைந்த சுவர், உடம்போடு சேர்த்தே வார்த்த கைப்பிடி. ஸ்கில்லெட் என்பார்கள். சிலவற்றில் செந்துரு பூத்திருக்கும். சிலவற்றில் மூன்று தலைமுறைச் சமையலின் எண்ணெய்ப் பிசுக்கு கரியாகி ஓடு கட்டியிருக்கும். விவரம் தெரிந்தவர் சட்டியைக் கையில் எடுத்ததும் உள்பக்கத்தைப் பார்ப்பதில்லை. கவிழ்த்து முதுகைப் பார்ப்பார். அப்புறம் கைப்பிடித் துளையில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, மறுகையின் விரல்முட்டியால் லேசாகத் தட்டுவார். நம் சந்தைகளில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். கணீரென்று ஓசை நீண்டால் நல்லது. சட்டென்று அடங்கிவிட்டால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது.

அந்த முதுகில் ஒரு வட்ட விளிம்பு இருக்கலாம். ஒரு தழும்பு, ஓர் எண், ஓர் ஊரின் பெயர், வேறோர் ஊரின் பெயர் அரைகுறையாக அழிந்த சுவடு, இவையும் இருக்கலாம். ஒவ்வொன்றும் இந்தப் பாத்திரம் கடந்துவந்த ஒரு காலத்தைச் சேர்ந்தது. எந்தக் காயம் ஆறும், எது ஆறாது என்பதும் அந்த வரலாற்றுக்குள்தான் இருக்கிறது. ஆகவே விலை பேசுவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போவோம். கொஞ்சம் என்றால் சுமார் 2,500 ஆண்டுகள்.

தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய உலகத்துக் கொல்லர்களின் உலைக்கு அது எட்டாத சூடு. அதனால் துளைகள் நிறைந்த இரும்புக் கட்டியைக் காய்ச்சி, அடித்து, மறுபடி காய்ச்சிக் கருவி செய்தார்கள். ஆனால் இரும்புக்குள் 4 சதவீதத்தை ஒட்டிக் கரிமம் ஏறிவிட்டால் அது 1,150 டிகிரி வாக்கிலேயே குழம்பாகிவிடும். வெண்கல வார்ப்பிலும் மட்பாண்டச் சூளையிலும் கைதேர்ந்திருந்த சீனர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே இதைப் பிடித்துக்கொண்டார்கள். கலப்பைக் கொழு, கோடரி, சட்டி என்று எல்லாவற்றையும் அச்சில் ஊற்றி எடுத்தார்கள். கி.மு. 117இல் ஹான் பேரரசு உப்பையும் இரும்பையும் ஒருசேர அரசின் ஏகபோகமாக்கியது. அந்த இரண்டுக்கும் அடுப்படி உறவு உண்டு: உப்புநீரைக் காய்ச்சுகிறவர்களுக்குப் பெரிய இரும்புக் கொப்பரைகளை அரசே வழங்கியது.

உருகி ஓட வைக்கும் அதே கரிமம்தான் இந்த இரும்பை உடையவும் வைக்கிறது. சாம்பல் நிற வார்ப்பிரும்புக்குள் அது கிராஃபைட் செதில்களாகப் பரவி நிற்கிறது. மேலிருந்து அமுக்கும் பாரத்தை நன்றாகத் தாங்கும் இரும்பு, திடீரென்று ஓர் அடி விழுந்தால் அந்தச் செதில்களின் வழியே பிளந்துகொள்ளும். சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சில நேரம் பட்டென்று வெடிப்பதும் இதனால்தான்.

சீனர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். சின்ன உலை, துருத்தி, கைக்கடக்கமான மூசை இவற்றைக் காவடியாகத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் உடைந்த சட்டியை அடைத்துத் தருகிறவர்கள் அங்கே இருந்தார்கள். துணித்திண்டின் மேல் சாம்பலைப் பரப்பி, அதில் ஒரு சொட்டு இரும்புக் குழம்பை ஏந்தி, சட்டியின் அடியிலிருந்து விரிசலுக்குள் அழுத்துவார் அந்தக் கைவினைஞர். அதே கணத்தில் மேலிருந்து சுருட்டிய துணியால் அமுக்குவார். சொட்டு இருபுறமும் பரந்து ஆணித்தலையாக இறுகிவிடும். இப்படி வரிசையாகச் சொட்டுகள் வைத்து நீளமான விரிசலையும் மூடிவிடுவார்கள். 1920களில் சீனத்துக் கைத்தொழில்களைப் படமெடுத்துப் பதிவுசெய்து, 1937இல் நூலாக்கியவர் ருடால்ஃப் ஹாம்மல். சட்டி வார்ப்பும் சட்டி அடைப்பும் அந்த நூலில் இருக்கின்றன. அவரை அங்கே அனுப்பிய ஹென்றி மெர்சர், பென்சில்வேனியாவின் பழைய வார்ப்பிரும்பு அடுப்புத் தகடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்.

ஐரோப்பா இரும்பை உருக்கி வார்க்கும் நிலைக்கு வந்துசேர ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. வந்த பிறகும் இரும்புக் குழம்பு முதலில் சமையலறைக்குப் போகவில்லை. 1543இல் இங்கிலாந்தின் சஸெக்ஸ் வட்டாரத்து பக்ஸ்டட் கிராமத்தில் மன்னர் எட்டாம் ஹென்றிக்காகப் பீரங்கி வார்த்தார்கள். வசதியான வீடுகளில் பித்தளையும் வெண்கலமுமே பாத்திரமாக இருந்தன. இரும்புப் பானை வேண்டுமென்றால் களிமண்ணையும் குதிரைச் சாணத்தையும் குழைத்து அச்சு செய்ய வேண்டும். ஒரு பானை எடுத்ததும் அந்த அச்சை உடைத்துப் போட வேண்டியதுதான். பானையும் தடியாக, தூக்க முடியாத கனத்தில் வரும்.

இந்த நிலையை மாற்றியவர் ஆபிரகாம் டார்பி. 1678இல் பிறந்தவர், குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பர்மிங்காமில் பீர் தயாரிப்புக்கான மால்ட் அரைக்கும் ஆலைகள் செய்பவரிடம் தொழில் பழகினார். நிலக்கரிப் புகையில் மால்ட்டை உலர்த்தினால் கந்தக நெடி ஏறி பீர் கெட்டுவிடும் என்பதால், நிலக்கரியை முன்கூட்டியே எரித்துக் கல்கரியாக்கிப் பயன்படுத்தும் வழக்கம் அந்தத் தொழிலில் ஏற்கெனவே இருந்தது. டார்பி பின்னால் செய்யப்போகும் காரியத்துக்கு வித்து அங்கே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிரிஸ்டலுக்கு வந்து பித்தளைத் தொழிலில் இறங்கிய டார்பி, ஹாலந்துக்குப் போய் அங்கிருந்து வார்ப்பாளர்களை அழைத்துவந்தார். மணல் அச்சில் பித்தளை வார்ப்பதில் டச்சுக்காரர்கள் வல்லவர்கள். அதே மணலில் இரும்பை ஊற்றிப் பார்த்தபோது மட்டும் பானை சரியாக வரவில்லை. ஜான் தாமஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான் என்றும், எங்கே தவறுகிறது என்று தனக்குப் புரிகிறது என்று முதலாளியிடம் சொன்னான் என்றும் அவனுடைய சந்ததியாரின் குறிப்பு சொல்கிறது. இருவரும் கதவைச் சாத்தி, சாவித் துவாரத்தையும் அடைத்துவிட்டுச் செய்து பார்த்தார்களாம். முதல் இரும்புப் பானை வந்தது. சாவித் துவாரம் வரை நம்பலாமா தெரியாது, காப்புரிமைப் பத்திரம் உறுதியானது: 1707இல் டார்பிக்கு, களிமண் இல்லாமல் மணலில் மட்டுமே வயிறு பெருத்த இரும்புப் பானைகளை வார்க்கும் உரிமை 14 ஆண்டுகளுக்குக் கிடைத்தது. டச்சுக்காரரிடம் கற்றதை இங்கிலாந்தில் தன் பெயரில் பதிவுசெய்து கொண்டார் என்றும் இதைச் சொல்லலாம். சட்டியின் வரலாற்றில் நகலெடுப்பவர்கள் இன்னும் பலர் வரப்போகிறார்கள்.

அடுத்து அவர் கோல்புரூக்டேலில் பாழடைந்து கிடந்த ஓர் ஊதுலையைக் குத்தகைக்கு எடுத்தார். 1709இல் அதில் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைப் போட்டார். தொழிற்புரட்சியின் தொடக்கம் என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் அந்த ஆண்டில் உலையிலிருந்து முதன்மையாக வெளிவந்தவை சமையல் பானைகளே. கல்கரி இரும்பில் சிலிக்கன் அதிகம். அதனால் குழம்பு மெல்லிய இடுக்குகளிலும் தடையின்றி ஓடும். பானையின் சுவர் மெலிந்தது, கனம் குறைந்தது, விலையும் இறங்கியது. இந்தத் தொழிலுக்குக் கடன் கொடுத்துப் பங்கு வாங்கியவர் பிரிஸ்டல் வணிகர் தாமஸ் கோல்ட்னி. ஆளில்லாத தீவில் தனித்துக் கிடந்த மாலுமி அலெக்சாண்டர் செல்கர்க்கை 1709இல் மீட்டுவந்த வுட்ஸ் ரோஜர்ஸின் கடற்பயணத்திலும் பெரும்பணம் போட்டவர் இதே கோல்ட்னிதான். ராபின்சன் குரூசோ கதைக்குத் தூண்டுதலானவர் என்று கருதப்படும் மாலுமியும், ஏழை வீட்டு இரும்புப் பானையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இடம்பெற்றிருப்பார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் அதற்கும் முன்பே ஒரு முயற்சி நடந்தது. மசாசுசெட்ஸின் சாகஸ் இரும்பாலை 1646 வாக்கில் ஓடத் தொடங்கியது. அங்கே வார்த்த, மூன்று கால் கொண்ட ஒரு சிறு பானையை அமெரிக்காவின் முதல் வார்ப்பிரும்புப் பாத்திரம் என்று கருதுகிறார்கள். அக்காலத்துக் கைப்பிடிச் சட்டிகளுக்கும் மூன்று கால்கள் இருந்தன. சிலந்தி என்றே அவற்றுக்குப் பெயர். அடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கணப்பின் தரையில் தணலை இழுத்துவிட்டு அதன்மேல் சட்டியை நிறுத்த வேண்டும். இரும்புப் பாத்திரம் குடும்பச் சொத்தாகவும் இருந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் தாயார் மேரி, 1788இல் எழுதிய உயிலில் தம் இரும்புச் சமையல் சாமான்களைப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு அடுப்பு வீட்டுக்குள் வந்தது. சட்டி தன் கால்களை இழந்தது. விறகடுப்பின் மேல்தட்டில் வட்டமான வாய்கள் இருக்கும். அவற்றின் மேல் பொருந்தி உட்காரச் சட்டியின் அடியில் ஒரு வட்ட விளிம்பு வைத்தார்கள். முதுகில் காணும் வளையம் அதுதான். 8 என்ற எண் அங்குலக் கணக்கு அல்ல, அடுப்பு வாயின் அளவு. 8ஆம் எண் சட்டியின் வாய் பத்தரை அங்குலத்தைத் தொடும். இன்னும் பழைய சட்டிகளில் அடியின் குறுக்கே நீளமாக ஒரு தழும்பு இருக்கும். அச்சின் அடிப்பக்கத்திலிருந்து இரும்பை ஊற்றி, இறுகியபின் மிச்சத்தை ஒடித்தெடுத்த இடம் அது. பக்கவாட்டில் ஊற்றும் முறை அந்த நூற்றாண்டின் கடைசியில் பரவியதும் தழும்பு மறைந்தது. தெரியாதவர்கள் அதை விரிசல் என்று நினைத்து நல்ல சட்டியை வைத்துவிட்டுப் போவதுண்டு.

பெரும் பெயர்கள் எழுந்த காலமும் இதுவே. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1865இல் செல்டன் குடும்பத்தாரோடு சேர்ந்து மேத்யூ கிரிஸ்வோல்ட் தொழில் தொடங்கினார். முதலில் செய்தது கதவுக் கீல். சட்டிகள் பின்னால் வந்தன. ஒஹாயோவின் சிட்னி நகரில் 1891இல் வாக்னர் சகோதரர்கள் வந்தார்கள். டென்னஸியின் சவுத் பிட்ஸ்பர்க்கில் 1896இல் ஜோசப் லாட்ஜ் பவுண்டரி வைத்தார். பிளாக்லாக் என்ற பெயரில் இருந்த அது 1910இல் தீக்கிரையானது. அருகிலேயே லாட்ஜ் என்ற பெயரில் மறுபடி எழும்பியது. அக்காலச் சட்டிகளில், முக்கியமாக கிரிஸ்வோல்டிலும் வாக்னரிலும், மணல் அச்சின் சொரசொரப்பைக் கல்லால் தேய்த்து உள்பக்கத்தை வழவழப்பாக்கினார்கள். சுவரும் மெல்லியது. இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி அலைவதற்குக் காரணம் பழைமை மட்டுமல்ல. அவை உண்மையிலேயே நேர்த்தியான வேலைப்பாடுகள் என்பது என் கருத்து.

நேர்த்தியானதைத்தான் நகலெடுப்பார்கள். ஒஹாயோவின் வாப்பகோனெட்டா ஊரில் 1903 முதல் 1926 வரை வாப்பாக் என்ற நிறுவனம் சட்டி வார்த்தது. அதன் சில சட்டிகளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் வாப்பாக் பெயருக்கு அடியில் மங்கலாக ஈரி என்ற எழுத்துகள் தெரியும். போட்டியாளரின் சட்டியை மணலில் பதித்து அச்சு எடுத்திருக்கிறார்கள். பழைய பெயரைச் சுரண்டியும் முழுசாகப் போகவில்லை. பேய்ச் சுவடு என்று சேகரிப்பாளர்கள் இதை அழைக்கிறார்கள். அந்தச் சுவடு இருக்கும் சட்டிக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது.

இப்படி நகலெடுப்பதை இரும்பே காட்டிக்கொடுத்துவிடும். வார்ப்பிரும்பு ஆறும்போது ஓர் அடி நீளத்துக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம், அதாவது 1 சதவீதம் சுருங்கும். அசல் மாதிரியைச் செய்யும் தச்சர் இதற்காகவே சற்று நீட்டிய அளவுகோலை வைத்துக்கொள்வார். விற்பனைக்கு வந்த சட்டியையே மாதிரியாக வைத்து வார்த்தால் நகல் அசலைவிடச் சற்றுச் சிறியதாகும், எழுத்துகள் மழுங்கும், பரப்பு சொரசொரக்கும். விலை உயர்ந்த கிரிஸ்வோல்ட் சட்டிகளின் போலிகள் பின்னாளில் சந்தைக்கு வந்தபோது அவற்றைப் பிடிக்க உதவியதும் இந்தச் சுருக்கக் கணக்குதான். பெரிய விலை கேட்டால் அளவு நாடாவை எடுங்கள்.

பின்பு வந்தது வீழ்ச்சி. 1886இல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழி பிறந்ததும் இலேசான பாத்திரங்கள் மலிந்தன. 1938 ஏப்ரலில் டூபாண்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட், குளிர்பதன வாயு ஆராய்ச்சியில் எதிர்பாராமல் ஒரு வெள்ளைத் தூளைக் கண்டார், அதுவே டெஃப்ளான். பிரான்சில் மார்க் கிரெகுவார் தம் தூண்டில் கருவிகள் சிக்காமலிருக்க அதைப் பூசிக்கொண்டிருந்தார். அதை வாணலியில் பூசினால் என்ன என்று கேட்டவர் அவர் மனைவி கொலெட். 1956இல் டெஃபால் நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே ஈரி நகரின் கிரிஸ்வோல்ட் ஆலை மூடப்பட்டது. இரும்புச் சட்டிகள் பரணுக்கும் தொழுவத்துக்கும் போயின. துரு ஏறியது, சில நாய்க்குச் சோறு வைக்கவும், சில காரீயம் உருக்கவும் பயன்பட்டன.

கடைசியாகச் சொன்னது விளையாட்டல்ல. துப்பாக்கிக் குண்டும் தூண்டில் எடையும் வீட்டிலேயே வார்த்தவர்களுக்கு இரும்புச் சட்டி வசதியாக இருந்தது; காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் பூர்வீகம் தெரியாத சட்டியில் துருவைத் தொடுவதற்கு முன் காரீயச் சோதனைக் குச்சியால் துடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே சாம்பல் வெள்ளையாய்ப் படலமோ, உருகி ஒட்டிய துளியோ தெரிந்தால் சந்தேகத்துக்கு இடமே வேண்டாம். அப்படிப்பட்டதைச் சுரண்டக்கூட வேண்டாம், தூள் மூச்சில் ஏறும். சமையலறைக்கு அது ஆகாது.

துருவைக் கண்டு மட்டும் பின்வாங்காதீர்கள். முழுக்கச் சிவந்த சட்டியும் பெரும்பாலும் மீளும். விரிசல் மீளாது. விரிசலில் வெல்டிங் வைக்கலாம்தான். முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியில் பொறுமையாக வேலை செய்யத் தெரிந்தவர் வேண்டும். ஆனாலும் அடுத்த சூட்டில் பக்கத்திலேயே பிளப்பது வழக்கம். அந்தச் சட்டியைச் சுவரில் மாட்டலாம். அடுத்து, சட்டியைக் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தள்ளுங்கள். ஆடினால் அல்லது சுழன்றால் அடி நெளிந்திருக்கிறது. எரிவாயு அடுப்பில் லேசான ஆட்டம் தொல்லை தராது. தட்டையான மின்னடுப்பில் தரும். அடியில் அம்மைத் தழும்புகளாகக் குழிகள் இருந்தால், கந்தகம் கலந்த நிலக்கரிப் புகை அரித்தது. சமையலுக்கு அதனால் கேடில்லை. செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக, செதில் பெயர்ந்து இருந்தால்தான் கவலை. யாரோ கரியை எரித்து நீக்க நெருப்பில் போட்டுச் செந்தணலாகக் காய்ச்சியிருக்கிறார்கள். அந்த இடத்தில் எண்ணெய்ப் பூச்சு நிற்காது. இதனாலேயே, சட்டியைத் தீயில் தூக்கிப் போட்டால் சுத்தமாகிவிடும் என்ற பழைய யோசனையை நான் மனமார எதிர்க்கிறேன். கிரைண்டர் வைத்துத் தேய்ப்பதும் அப்படியே. நூறு வருடத்து வழவழப்பு ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

ஓடு கட்டிய கரியை நீக்கக் காஸ்டிக் சோடாக் கரைசல் போதும். பிளாஸ்டிக் தொட்டியில் சட்டியை மூழ்கவிட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கிட்டேயே வரக்கூடாது, சோடா அதைத் தின்று ஹைட்ரஜனைக் கிளப்பும். கரி போகும், துரு போகாது. துருவுக்குச் சரிபாதி தண்ணீர் கலந்த வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்க்கலாம். மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் அது அரிக்கும். ஆர்வலர்கள் மின்பகுப்பை விரும்புகிறார்கள். தண்ணீரில் சலவை சோடா, கார் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் சட்டி, நேர்முனையில் வேண்டாத இரும்புத் தகடு. தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும், அது கூடவே கூடாது. திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

சாம்பல் நிறத்தில் வெற்றுடம்பாக வெளிவரும் சட்டி கண்ணெதிரே துருவேறத் தொடங்கும். உடனே கழுவி, சூடேற்றி உலர்த்தி, எண்ணெய் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிட்டு, ஓவனில் கவிழ்த்து 230 டிகிரியில் ஒரு மணி நேரம் விட வேண்டும். சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப் படலமாகின்றன. ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைத்த ஐரோப்பிய ஓவியர்களின் படங்கள் காய்வதும் இதே வேதியியல்தான். ஆளிவிதை எண்ணெயைச் சட்டிக்கும் சிபாரிசு செய்கிறவர்கள் உண்டு. அழகாக மின்னும், ஆனால் பலருக்குச் செதில் செதிலாக உரிந்திருக்கிறது. சாதாரண சமையல் எண்ணெயை மூன்று நான்கு முறை மெல்லியதாகப் பூசுவதே மேல். புதுத் தோசைக்கல்லைக் கஞ்சித்தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்கும் வீட்டார் இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை.

லாட்ஜ் 2002இல் இந்தப் பூச்சைத் தொழிற்சாலையிலேயே போட்டு விற்கத் தொடங்கியது. பழைய சட்டிகளின் மென்மையையும் கனக்குறைவையும் பின்பற்றும் சிறு பவுண்டரிகள் அமெரிக்காவில் கிளம்பிய பிறகு, 2019இல் கனம் குறைந்த ஒரு வரிசையைக் கொண்டுவந்து, எரிந்துபோன பிளாக்லாக் பவுண்டரியின் பெயரையே அதற்கு வைத்தது. புதிதோ மீட்டதோ, முதல் சில வாரங்கள் எண்ணெய் தாராளமாகக் கேட்கும் சமையலே அதற்கு நல்லது: வாழைக்காய் வறுவல், அடை, மீன். புளியும் தக்காளியும் பூச்சு இறுகிய பிறகு ஆகட்டும்.